காலையில் மட்டும் விழும் சுவிட்ச்

விஜயராணி அக்காவைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். எங்கள் சந்தில் எல்லோருக்கும் இது தெரியும். மாட்டுங்காவில் அக்கா வேலை பார்க்கிற வீட்டிலிருந்து பத்மஜா மேடம் போன் பண்ணி, "ஹனீப் பாய், மிஷின்ல ஃபால்ட் ஒண்ணும் இல்லை, ராணிதான் ஏதோ வேணும்னே பண்றா" என்று சொன்னபோது, கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கி எறிந்தேன். அது எதிர் பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் காலடியில் போய் விழுந்தது. அவர் கொடுத்த வசவையும் வாங்கிக்கொண்டேன்.

நான் முகம்மது ஹனீப். தாராவியில் வாஷிங் மெஷின், மிக்ஸி, டிஷ்வாஷர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற கடை எனக்கு. வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்தவர், நான் இங்கேயே பிறந்தவன். என் கடைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால் விஜயராணி அக்காவின் வீடு. அக்கா சங்கரன்கோவில் பக்கம். கல்யாணம் ஆகித் தாராவிக்கு வந்தாள். புருஷன் குடித்தே செத்தான், அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதன் பிறகு மாட்டுங்காவில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரே கட்டடத்தில் நாலு வீடு. அதில் மூன்று வீட்டை வேலை என்று சொல்லுவாள். நாலாவதை மட்டும் "மாமி வீடு" என்பாள்.

மாமி என்றால் ராஜலக்ஷ்மி மாமி, பாலக்காட்டுக்காரர். அவர் பேசுவதை அக்கா அப்படியே பேசிக் காட்டுவாள். "ராணீ, கேட்டயா, நாளைக்கு ஏகாதசியாக்கும்" என்று அவள் இழுக்கிற இழுப்பில் சந்தே சிரிக்கும். ஆனால் வேறு யாராவது அதே மாதிரி பேசிக் காட்டினால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாமியைக் கேலி பண்ணும் உரிமை அவளுக்கு மட்டும்தான்.

அந்த வீட்டில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. அக்கா மோரியில், அதாவது பால்கனி ஓரத்துத் தொட்டியில், பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மாமியின் மாமியார் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து, அத்தனை பாத்திரத்தின் மேலும் தெளித்த பிறகுதான் உள்ளே எடுப்பார். அக்காவின் கை பட்ட தீட்டு அந்தத் தண்ணீரில் போக வேண்டும். அந்த அம்மாள் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்த மறுநாள், ராஜலக்ஷ்மி மாமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "இனிமே இந்த ஆத்துல அந்தச் சொம்பு கிடையாது ராணி. எனக்கு அம்மு எப்படியோ அப்படித்தான் நீயும். குருவாயூரப்பன் சத்தியம்." அம்மு மாமியின் சொந்த மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். அன்றைக்கே அக்காவுக்கு, மாமியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் காப்பியும் கொடுத்தார்.

இந்தக் கதையை அக்கா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே கிடையாது. சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் மாரிசெல்வம் அண்ணன் ஒருத்தர்தான் நம்பவில்லை.

"யக்கா, நீ தொட்டதுக்குத் தண்ணி தெளிக்காமலா எடுப்பா? நீ அந்தப் பக்கம் திரும்புனதும் தெளிப்பா."

"உன் வாயில புழு வைக்கும்ல! எங்க மாமி சத்தியம் பண்ணிருக்காக. அவுக டம்ளர்லயே நான் காப்பி குடிக்கேன், தெரியுமா?"

இந்தச் சண்டைக்குப் பிறகு வெகுகாலம் அக்கா அவர் கடைப் பக்கமே போகவில்லை. டீ வேண்டுமென்றால் மெயின் ரோடு வரைக்கும் நடந்துபோய்க் குடித்துவிட்டு வருவாள். மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, குளிப்பாட்டியது, துணி மாற்றியது, மலம் எடுத்தது எல்லாம் அக்காதான். செம்பூரில் இதைவிட நல்ல சம்பளத்துக்கு ஓர் இடம் வந்தது. "அம்மு இங்க இல்லேல்லா, நான்தான பாக்கணும்" என்று போகவில்லை. அவள் வாயில் அந்தப் பெயர் வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

இடுப்பு சரியான பிறகு மாமியால் குனிய முடியவில்லை. மருமகள் பத்மஜா ஆபீஸ் போகிறவர், காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறவர். அவர்தான் டிஷ்வாஷர் வாங்கினார். காலைப் பாத்திரத்தை அக்கா உள்ளே அடுக்கி மிஷினைப் போட வேண்டும், இரவுப் பாத்திரத்தை மருமகள் போட்டுக்கொள்வார். அக்காவுக்கு மிஷின் பிடித்துத்தான் இருந்தது. "நான் தேய்க்கத அது உள்ள உக்காந்து தேய்க்கு, நான் வெளிய உக்காந்து காப்பி குடிக்கேன்" என்று என்னிடம் வந்து சிரித்தாள். அவள் குடிக்கிற டம்ளரை மட்டும் மிஷினில் போட வேண்டாம் என்று மாமி சொல்லியிருந்தார். சின்ன டம்ளர், இடுக்கில் விழுந்துவிடும், கையால் கழுவி மோரி ஜன்னலில் வைத்துவிடு என்றார். அக்காவும் வைத்தாள்.

சில வாரம் ஓடிய மிஷின் நிற்க ஆரம்பித்தது. "ஏ ஹனீபு, மாமி வீட்டு மிசினு நின்னுட்டு. எனக்குத் தம்பி மாதிரின்னு சொல்லி வச்சிருக்கேன், வந்து பாரு. மானத்த வாங்கிராத" என்று அக்காதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கோளாறு இதுதான். மிஷினைப் போட்ட கொஞ்ச நேரத்தில், வாசல் பக்கத்து மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச் "டப்" என்று விழும். கரன்ட் போக வேண்டிய வழியை விட்டு எங்கேயாவது கசிந்தால் அது தானே விழுந்துவிடும். அது விழுந்தால் வீடு முழுக்க இருட்டு, பேன் நிற்கும். இந்த மாதிரி விழுந்தால் பத்துக்கு எட்டு மிஷினில் ஹீட்டர்தான் காரணமாக இருக்கும். நான் தெம்பாக ஹீட்டரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தண்ணீரை வெளியேற்றும் மோட்டாரைப் பார்த்தேன், அதிலும் கசிவு இல்லை. பிளக்கை மாற்றினேன், எர்த் ஒயரைச் சோதித்தேன். நான் போட்டால் மிஷின் குழந்தை மாதிரி ஓடுகிறது! அடுத்த நாள் காலை மறுபடியும் டப். இரண்டாவது தடவை போய், சுவிட்சையே புதிதாக மாற்றினேன். மூன்றாவது நாள் அதுவும் விழுந்தது. எனக்கு வந்த எரிச்சலில் அந்த மிஷினை நாலாவது மாடியிலிருந்து கீழே தள்ளியிருப்பேன்.

அப்போதுதான் முதலில் சொன்ன அந்த போன். நேரில் வரச் சொன்னார், போனேன். பத்மஜா மேடம் நியாயமாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு.

"நான் சும்மா சொல்லலை பாய். காலைல அவ போட்டா விழறது. ராத்திரி நான் போட்டா ஓடறது. ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு, அன்னிக்குக் காலைலயும் நான்தான் போடறேன், ஒண்ணும் ஆறதில்லை. கோவில் கொடைத் திருவிழாவுக்குன்னு அவ ஊருக்குப் போனாளே, அந்த வாரம் பூரா ஒரு தடவைகூட விழலை. வேற என்ன நினைக்கறது? மிஷின் வந்தா வேலை போயிடும்னு பயம் இருக்காதா?"

"அவங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல மேடம்."

"அப்போ ஃபால்ட் எங்கேன்னு காட்டுங்கோ."

நான் மாமியைப் பார்த்தேன். இந்த வீட்டில் அக்காவுக்காக ஒருத்தர் பேச வேண்டும் என்றால் அது மாமிதானே? மாமி நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலை கேட்டேளா. ராணி நல்லவளாக்கும். ஆனா மிஷின் வந்ததுலேர்ந்து அவ மனசு ஒரு மாதிரியா இருக்கு. யார் மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் காது சுட்டது. சனிக்கிழமை பத்மஜா மேடம் வீட்டில் இருப்பார், அன்றைக்கு அக்கா வேலை செய்யும்போதே நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்றைக்கும் கோளாறு தெரியாவிட்டால் அக்காவை நிறுத்திவிடுவோம் என்றார் மேடம். ஒரு வீட்டில் இப்படி நிறுத்தினால் மற்ற மூன்று வீட்டுக்கும் விஷயம் லிஃப்டில் ஏறிப் போய்விடும். மிஷினைக் கெடுத்தவள் என்று பெயர் வந்தால் வாட்ச்மேன் கேட்டுக்குள்ளேயே விடமாட்டான். அத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். ஏணிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

"சொன்னது பத்மஜா தான? மாமி என்ன சொன்னாக?"

"மாமி ஒண்ணும் சொல்லலக்கா."

"சொல்ல மாட்டாக. யாரு என்ன சொன்னாலும் மாமி என்னைய விட்டுக் குடுக்க மாட்டாக" என்றாள். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை, கடைக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமை போனோம். அக்கா வழக்கத்தைவிட நல்ல புடவை கட்டியிருந்தாள். "தெனமும் செய்யுற மாதிரியே செய்க்கா, ஒண்ணையும் மாத்தாத" என்று சொல்லிவிட்டு நான் மெயின் போர்டுக்கு அடியில் மீட்டரோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறையின் ஒரு பக்கம் தெரியும். நான் இருப்பது அங்கிருப்பவர்களுக்குச் சட்டென்று கண்ணில் படாது. பத்மஜா மேடம் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா பாத்திரத்தை அடுக்கினாள். சோப்பு வில்லையைப் போட்டாள், கதவை மூடினாள், பட்டனை அழுத்தினாள். மிஷினுக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. தன் டம்ளரைக் கையால் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். துணி காயப்போட பால்கனிக்குப் போனாள். மிஷின் ஓடுகிறது, மீட்டரில் கசிவு ஒன்றுமே இல்லை. பாத்தீங்களா மேடம் என்று கத்தலாமா என்று வாயைத் திறந்தேன்.

அப்போது பூஜை அறையிலிருந்து மாமி மெதுவாக, கைத்தடியோடு வந்தார். மறு கையில் சொம்பு. பால்கனிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தடியைச் சுவரில் சாய்த்தார். சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீரை எடுத்து மிஷின் கதவின் மேல் விளிம்பில், அக்கா அழுத்திய பட்டன்களின் மேல், அவள் பிடித்த கைப்பிடியின் மேல் தெளித்தார். இன்னொரு கை எடுத்துத் தெளித்தார். விரலால் வழித்துவிட்டார். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

என் தலைக்கு மேலே சுவிட்ச் "டப்" என்று விழுந்தது.

"மாமி! அங்க ஏன் தண்ணி ஊத்துறீங்க?"

நான் போட்ட சத்தத்தில் மாமியின் கையிலிருந்து சொம்பு விழுந்து உருண்டது. பத்மஜா மேடம் ஓடிவந்தார். அக்காவும் வந்துவிட்டாள், கையில் பிழிந்த துண்டு, பால்கனி வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, சும்மா துடைச்சேன்" என்றார் மாமி.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவின் திருகுகளைக் கழற்றி, மேல் தகட்டைத் திறந்தேன். பட்டன்களுக்குப் பின்னால் ஒரு பச்சை அட்டை இருக்கும், அதை நாங்கள் கார்டு என்போம். மிஷினுக்கு மூளை அதுதான். ஹீட்டர், மோட்டார் என்று கீழேயே தேடிய நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. கைப்பிடி இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் கார்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் பழைய தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை, ஓரமெல்லாம் பச்சைத் துரு. நடுவில், சொம்புத் தண்ணீரோடு இறங்கிக் காய்ந்து கறுத்த துளசி இலைகள் ஒட்டிக்கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு பிடி சேரும். காலையில் நனைவது இரவுக்குள் காய்ந்துவிடும், அதனால்தான் மருமகள் போட்டால் ஓடியது. அக்கா தொடாத நாளில் தண்ணீரே கிடையாது, அதனால் சுவிட்சும் விழவில்லை.

இதை நான் உரக்கச் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன் என்றுதான் சொல்ல வேண்டும், அக்கா மேல் இருந்த பழி போயிற்றே! சொல்லி முடித்துத் திரும்பிய பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சாரி ராணி, ரொம்ப சாரி" என்றார் பத்மஜா மேடம். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தெனமுமா மாமி?"

"உன்னைச் சொல்லி இல்லைடீ. கை தானாப் போயிடறது, நான் என்ன பண்ணட்டும்?"

"சத்தியம் பண்ணுனீகளே."

மாமி சுவரில் சாய்த்திருந்த தடியைத் தேடி எடுத்தார்.

"நீங்க விழுந்து கெடந்தப்ப தூக்கிக் குளிப்பாட்டுனனே, அப்ப எங்க தெளிச்சிய?"

"அது வேற ராணி. வியாதிக்காரிக்கு அதெல்லாம் பாக்கப்படாதுன்னு இருக்கு." ஆறுதல் சொல்வதாகத்தான் மாமி நினைத்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வழிந்தது, பொய் அழுகையும் இல்லை. நான் தொட்டதற்கு எத்தனை சொம்பு ஊற்றினாரோ, அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு யாரும் சத்தியம் பண்ணிக் கொடுக்கவில்லை. ஒருத்தியை மகள் என்று கூப்பிட்டுவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் இந்த மாமி இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாரே, இதை எங்கே போய்ச் சொல்வது?

அக்கா மோரி ஜன்னலுக்குப் போனாள். கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்தாள். அதில் வெட்டியிருந்த பெயரைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது சின்ன டம்ளரு, மிசினுக்குள்ள விழுந்துரும், அதான?"

மாமி தரையைப் பார்த்தார். பத்மஜா மேடமும் தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதே அளவு டம்ளர்கள் நாலு மிஷினுக்குள் பத்திரமாக வரிசையில் நிற்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"வேற ஆரும் இதுல குடிக்கப் போறதில்ல. நான் எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காயப்போடாத துணியைப் போய்க் காயப்போட்டுவிட்டு வந்து, செருப்பை மாட்டினாள். மாமி "ராணீ" என்று கூப்பிட்டது லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

மார்க்கெட் வழியாக வந்தோம். பூக்கடைக்காரி அக்காவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள், அக்கா காதில் விழவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். மூன்று வீடும் தப்பித்தது அக்கா, இனிமேல் யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். ரயில் பாலத்தின் மேல் நின்றுவிட்டாள்.

"நீ வேற எதாவது சொல்லிருக்கலாம்ல ஹனீபு."

"என்னக்கா?"

"எலி கடிச்சிட்டுன்னு சொல்லிருக்கலாம். இல்ல, நான்தான் கெடுத்தேன்னே சொல்லிருக்கலாம். திட்டி அனுப்பிருப்பாக. அனுப்பினாலும் மாமி என் மாமின்னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்பேன்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். பாலத்தில் போகிற வருகிறவர்கள் நான் ஏதோ செய்துவிட்டதாக என்னை முறைத்துப் பார்த்தார்கள்.

சந்து முனையில் மாரிசெல்வம் அண்ணன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "என்னக்கா, இன்னைக்குச் சீக்கிரமா விட்டுட்டாளா உங்க மாமி?" என்றார். அக்கா பையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"மாமிக்கு மேலுக்கு முடியல. நீ போ, ரெஸ்ட் எடுன்னு அவுகளே அனுப்பிட்டாக." சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்தேன்.

அந்தக் கட்டடத்துக்கு அதன் பிறகு அவள் போகவில்லை. மற்ற மூன்று வீட்டையும் விட்டுவிட்டாள். பத்மஜா மேடம் இரண்டு தடவை சந்து வரைக்கும் வந்து கூப்பிட்டார், அக்கா ஏணியை விட்டு இறங்கவில்லை. இப்போது செம்பூரில் ஒரு வீட்டுக்குப் போகிறாள். முதல் நாள் வேலை முடித்து வந்தவளிடம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"போனதுமே வீட்டுக்காரம்மா சொல்லிட்டா. 'ஒனக்குத் தனி டம்ளர், அந்த ஜன்னல்ல இருக்கும், வேற எதையும் எடுக்காத'ன்னா."

"அதைக் கேட்டுட்டா வேலைக்கு ஒத்துக்கிட்ட? மூஞ்சில துப்பிட்டு வர வேண்டியதுதானக்கா!" என்று நான் குதித்தேன்.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"மொத நாளே சொல்லிட்டால்லா தம்பி. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.